கேற்றடியை விடுங்கள், கிணற்றடியைப் பாருங்கள்

வளவில் கல் பதிக்க அழைப்பவர்கள் பெரும்பாலும் கேற்றிலிருந்து வாசல்வரைதான் காட்டுவார்கள். எந்த நிறம், எந்த வடிவம் என்பதெல்லாம் போனில் தயாராக இருக்கும். "மாரியில தண்ணி எந்தப் பக்கத்தால ஓடுது?" என்று கேட்டால்தான் தடுமாறுவார்கள். அந்தப் பதில் அநேகமாகக் குசினியிலிருந்துதான் வரும்.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு வீட்டில் அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். "தம்பி, முன்பக்கம் பிறகு பாப்பம். கிணத்தடிக்குப் போக இவருக்குக் கட்டை புதையுது." கணவருக்கு ஒரு கால் இல்லை, ஊன்றுகட்டையில் நடப்பவர். எங்கள் பக்கத்தில் கிணறும் மலசலகூடமும் வீட்டைவிட்டுத் தள்ளியே இருக்கின்றன. நாளுக்குப் பத்துத் தடவை நடப்பது அந்த வழியில்தான்.

அங்கே ஏற்கெனவே ஒரு சீமெந்துப் பாதை பாதித்தூரம் கிடந்தது. முன்பு வந்த மேசன் வீட்டு நிலம் போலவே வழுவழுப்பாகத் தேய்த்துவிட்டிருந்தார். முதல் மாரியிலேயே பாசி பிடித்து, அவர் விழுந்தும் விட்டார். அதை உடைத்தெடுத்துப் புதிதாகக் கொங்கிறீற் போட்டோம். அது இறுகத் தொடங்கும் நேரத்தில் ஈர்க்கு விளக்குமாறால் குறுக்காக ஒரு இழுவை. அவ்வளவுதான், கட்டை வழுக்காது. அகலம் 4 அடி. சக்கர நாற்காலிக்கு 3 அடிக்குக் குறையவே கூடாது. படிக்குப் பதில் சாய்தளம் என்றால், 6 இஞ்சி உயரத்துக்கு 6 அடி நீளமாவது வேண்டும்.

ஒன்றோடொன்று பொருத்திப் பதிக்கும் இன்ரலொக் கல் விரும்பினால், அடித்தளத்தில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். ஆட்கள் மட்டும் நடக்கும் பாதைக்கு 60 மில்லிமீற்றர் கல் போதும். வாகனம் ஏறுமென்றால் 80. கீழே 4 இஞ்சிக் கிரவல், நீர் தெளித்து இறுக்கியது. அதன்மேல் ஒரு இஞ்சி மணல். செம்மண்ணில் இது நிற்கும். வயற்கரைக் களி வேறு சாதி: மழைக்கு ஊதி, கோடையில் வெடிக்கும். அங்கே களியை இன்னும் ஆழமாக வெட்டியெடுத்துக் கிரவலைக் கூட்டிப் போட வேண்டும். இரு கரையிலும் கொங்கிறீற் அணை கட்டாவிட்டால் கல் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்துவிடும்.

தண்ணீர் வடிய வாட்டம் அடிக்குக் கால் இஞ்சி, எப்போதும் சுவரைவிட்டு வெளியே. பாதையின் மேல்மட்டம் வீட்டு நிலத்தைவிட 6 இஞ்சியாவது தாழ்ந்திருக்கட்டும். அதை உயர்த்திச் சுவரோடு முட்டக் கட்டியவர்கள் ஈரத்துக்கும் கறையானுக்கும் சேர்த்து வழிவிட்டிருக்கிறார்கள். முற்றம் முழுவதையும் மூடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. மாரித் தண்ணீர் நிலத்துக்குள் இறங்காமல் ஓடிவிடும். சித்திரையில் வெக்கை வீட்டுக்குள் அடிக்கும். மாமர அடியையாவது விட்டுவிடுங்கள்.

அப்புறம், கிண்டும் வேலை என்பதால் ஒன்று. மண்வெட்டியில் துருப்பிடித்த, இன்னதென்று தெரியாத பொருள் ஏதும் தட்டுப்பட்டால் எடுத்துப் பார்க்க வேண்டாம், போர்க்கால வெடிபொருளாக இருக்கலாம். வேலையை நிறுத்தி, வந்த தடத்தாலேயே விலகி, பிள்ளைகளைக் கிட்ட விடாமல் 119இல் பொலிசுக்குச் சொல்லுங்கள். "முந்தியும் இந்த இடத்தைக் கிண்டினதுதானே" என்று சொல்வார்கள். முந்திக் கிண்டிய ஆழம் வேறாக இருக்கலாம்.

அந்த வீட்டுக் கேற்றடி இன்னும் மணல்தான். காலையில் கூட்டிய விளக்குமாற்றுக் கோடுகளோடு நன்றாகத்தான் இருக்கிறது. காசு சேர்ந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்கள், அவசரமில்லை என்றேன்.