எந்த ஊர் ரோட்டோகாஸ்?

ஒலியியல் வகுப்பில் பல வருடங்களாக ஒரு வரியைத் தயங்காமல் சொல்லிவந்தேன்: "ரோட்டோகாஸ் மொழியில் மூக்கொலியே (ம, ந போன்றவை) கிடையாது." பாடநூலில் அப்படித்தான் படித்திருந்தேன். அது பாதி உண்மை என்று தெரிந்தபோது, அதுவரை என்னிடம் படித்துப்போன மாணவர்களை நினைத்து வருத்தமாக இருந்தது.

ரோட்டோகாஸ், பப்புவா நியூ கினியின் போகன்வில் தீவில் சில ஆயிரம் பேர் பேசும் மொழி. அதன் மத்தியக் கிளைமொழியில் மெய் ஆறு, உயிர் ஐந்து. எழுத 12 ரோமன் எழுத்துகள் போதும். உலகிலேயே மிகக் குறைந்த ஒலிகள் கொண்ட மொழிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது இந்தக் கிளைமொழிதான்.

அங்கே 'வ' போன்ற ஓர் ஒலி உண்டு. அதுவே சில நேரம் 'தம்பி'யில் வரும் 'ப' போலவும், சில நேரம் 'ம' போலவும் கேட்கும். பொருள் மாறாது. பழகாத காதோ அவற்றைத் தனித்தனி ஒலிகள் என்று குறித்துக்கொள்ளும்.

சரி, மலைப்பகுதியில் ஐட்டா கிளைமொழி பேசுகிறவர்களிடம் போனால்? அங்கே அந்த 'ப'வும் 'ம'வும் வேறு வேறு ஒலிகள். மாற்றினால் சொல்லே மாறிவிடும். மொத்தம் ஒன்பது மெய்கள், அதில் மூன்று மூக்கொலிகள். மொழியியலாளர் ஸ்டூவர்ட் ராபின்சன் 2006இல் இதை விளக்கி எழுதினார்.

இதில் எது பழையது? ஐட்டாச் சொல் தெரிந்தால், மத்தியக் கிளைமொழியில் அது எப்படி ஒலிக்கும் என்று சொல்லிவிடலாம்: 'ப', 'ம' இரண்டும் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான். திருப்பிச் செய்ய முடியாது. மத்தியக் கிளைமொழியில் உள்ள 'வ' ஐட்டாவில் எந்தச் சொல்லில் 'ம' ஆகும், எதில் ஆகாது என்பதற்கு விதி இல்லை. ஆக, ஐட்டா புதிதாகப் பிரித்துக்கொள்ளவில்லை. பழைய வேறுபாட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மத்தியக் கிளைமொழியில்தான் இரண்டும் கலந்துவிட்டன. மத்தியக் கிளைமொழியோடு பதிவு நின்றிருந்தால், மூக்கொலிகள் தனி ஒலிகளாக இருந்த தடமே நமக்குக் கிடைத்திருக்காது.

அதனால், சிறிய மொழிகளைப் பதிவு செய்யப் போகிறவர்களிடம் இப்போது கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒலிப்பதிவைத் தொடங்கியதும் பேசுகிறவரின் ஊர், அவர் வளர்ந்த இடம், அம்மாவின் ஊர் மூன்றையும் அவர் குரலிலேயே வாங்குங்கள். ஒரே சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லக் கேளுங்கள். அப்புறம் அதே சொற்பட்டியலோடு அடுத்த ஊருக்கும் போங்கள்.