இன்சுலின்: சொல்லும் சுரப்பும்

இன்சுலின் என்ற பெயரின் வேர், லத்தீனில் தீவைக் குறிக்கும் 'இன்சுலா'. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, செரிமான நீர் சுரக்கும் செல்களுக்கு நடுவே வேறு வகைச் செல்கள் சிறு சிறு கூட்டமாக இருப்பதைக் கண்டார். அவற்றின் வேலை என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. பிரெஞ்சு அறிஞர் லாகெஸ் 1893இல் அவற்றை 'லாங்கர்ஹான்ஸ் தீவுகள்' என்றார். அங்கே ஏதோ சுரக்கிறது என்று ஊகித்து 1909இல் பெல்ஜியத்தின் ழான் டி மேயர் இன்சுலின் என்று பெயரும் வைத்துவிட்டார். பொருள் கைக்கு வந்ததோ 1921இல், டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் ஆய்வில் இறங்கிய பிறகுதான்.

தமிழ்ப் பாடநூல்கள் இத்தீவுகளைத் 'திட்டுகள்' என்கின்றன. நீர் சூழ மேடாக நிற்கும் மணல்திட்டை அறிந்தவர்களுக்கு இது அருமையான சொல். கணையத்தை இலங்கைப் பாடநூல்கள் 'சதையி' என்கின்றன. கிரேக்கத்தில் பான்கிரியாஸ் என்றால் 'முழுதும் சதை'; எனவே சதையி மிகப் பொருத்தம்.

இன்சுலினைச் சிலர் 'கணைய நீர்' என்று எழுதுகிறார்கள். அது தவறு. கணைய நீர் நாளம் வழியே முன்சிறுகுடலுக்குப் போய் உணவைச் செரிக்கும். இன்சுலின் நாளமின்றி நேரே ரத்தத்தில் கலந்து சர்க்கரையைக் குறைக்கும் இயக்குநீர் (ஹார்மோன்). வகையைச் சொல்ல இயக்குநீர் போதும்; பெயர் இன்சுலின் என்றே இருக்கட்டும்.

அது சுரக்கும் விதம்தான் வியப்பு. இட்லி சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. திட்டிலுள்ள, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் அது தடையின்றி நுழைந்து எரிய, ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு பெருகுகிறது. ஏடிபி பெருகினால் செல்சவ்வின் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன. பொட்டாசியம் வெளியேற முடியாததால் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்ததும், இன்சுலின் நிறைந்த நுண்பைகள் சவ்வோடு இணைந்து ரத்தத்தில் கொட்டுகின்றன. ஆக, சர்க்கரையை எரித்துப் பார்த்தே அதன் அளவை அறிகிறது இந்தச் செல். சர்க்கரை இறங்கினால் ஏடிபி குறையும், பொட்டாசியம் வாயில்கள் திறக்கும், சுரப்பு அடங்கும். அப்போது பக்கத்து ஆல்பா செல்கள் குளுக்ககான் என்ற இன்னொரு இயக்குநீரைச் சுரந்து, கல்லீரலில் இருக்கும் சர்க்கரையை வெளியே எடுக்கின்றன.

நீரிழிவுக்குப் பலரும் போடும் கிளிமிபிரைடு மாத்திரை வேலை செய்வதும் இதே பொட்டாசியம் வாயிலில்தான். குளுக்கோஸ் ஏறாவிட்டாலும் அது வாயிலை மூடி, இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். அதனால்தான் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்து, வியர்த்து, கை நடுங்குகிறது.