சைட்டோமெகலோவைரஸ்: பெருக்க வைப்பதா, பெருக்குவதா?

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ‘டார்ச்’ ரத்தப் பரிசோதனையில் சி.எம்.வி. என்று ஒரு வரி வரும். சைட்டோமெகலோவைரஸ் என்பதன் சுருக்கம் அது. பக்கத்தில் ‘ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்’ என்று இருந்தால், எப்போதோ ஒரு காலத்தில் இந்த வைரஸ் உடம்புக்குள் வந்திருக்கிறது என்று பொருள். நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு அப்படித்தான் வரும். சின்னம்மையையும் அக்கியையும் உண்டாக்கும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒருமுறை நுழைந்தால் ஆயுளுக்கும் போகாது, ஆனால் பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். மூளைப் புற்றுக்கு இந்த வைரஸ் காரணமா என்ற கேள்வியால், இதே பெயர் மூளைக்கட்டி ஆராய்ச்சியிலும் அடிபடுகிறது. அங்கேதான் மொழிபெயர்ப்பில் ஒரு வம்பு காத்திருக்கிறது.

பெயரில் மூன்று துண்டுகள். ‘கைட்டோஸ்’ என்றால் கிரேக்கத்தில் உட்குடைவான ஏனம்; உயிரியலில் அது செல்லைக் குறிக்கும். ‘மெகாஸ்’ என்றால் பெரிய. ‘வைரஸ்’ லத்தீன், நஞ்சு என்று பொருள். ‘நச்சுயிரி’ என்ற தமிழ்ச்சொல் அந்த வழியில் வந்ததுதான்.

பெரியது எது? வைரஸ் அல்ல, அது புகுந்த செல். நுண்ணோக்கியில் பார்த்தால் சுற்றியுள்ள செல்களைவிட அது மட்டும் பல மடங்கு ஊதி நிற்கும். அதன் உட்கருவுக்குள் கருமையாக ஒரு திரள், அதைச் சுற்றி வெளிறிய வளையம். நோய்க்குறியியல் டாக்டர்கள் இதை ‘ஆந்தைக்கண்’ என்பார்கள். 1904இல் ஜெர்மானிய மருத்துவர்கள் இந்தச் செல்களைப் பற்றி எழுதியபோது, ஏதோ ஒருசெல் ஒட்டுண்ணி என்றே நினைத்தார்கள். வைரஸைத் தனியே பிரித்து வளர்த்தது 1956 வாக்கில்தான். போலியோ வைரஸை ஆய்வகத்தில் வளர்த்ததற்காக 1954இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தாமஸ் வெல்லர், 1960இல் இதற்கு இப்போதுள்ள பெயரை முன்மொழிந்தார்.

சரி, தமிழில்? ‘செல் பெருக்கி வைரஸ்’ என்று எழுதத்தான் கை போகும். அது கூடாது. பெருத்தல் வேறு, பெருகுதல் வேறு. இந்த வைரஸ் புகுந்த செல் பெருக்கிறது, எண்ணிக்கையில் பெருகுவதில்லை. கட்டுப்பாடில்லாமல் செல்கள் பெருகுவதுதான் புற்றுநோய். ‘பெருக்கி’ என்று போட்டால், இன்னும் நிரூபணமாகாத குற்றச்சாட்டைப் பெயரிலேயே எழுதிவிட்டதாகும்.

இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் ‘கலம்’ என்பார்கள். கைட்டோஸ் என்பதற்கு அப்படியே பொருந்தும் சொல். அதன்படி ‘பெருங்கல வைரஸ்’ எனலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு அது ஏதோ கப்பல் விஷயம் போலக் கேட்கும் என்பதால், என் தேர்வு ‘பெருஞ்செல் வைரஸ்’. முதல் தடவை சைட்டோமெகலோவைரஸ் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் இருக்காது.

இனி அந்தக் குற்றச்சாட்டு. மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருப்பவை கிளியா செல்கள். அவை தொடர்பான கட்டிகளில் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. 2002இல் அமெரிக்காவில் சார்லஸ் காப்ஸ் குழுவினர், கிளியா கட்டித் திசுக்களில் சி.எம்.வி.யின் புரதங்களும் மரபணுத் துணுக்குகளும் இருந்ததாக அறிவித்தார்கள். அப்புறம் சிலர் தாங்களும் கண்டோம் என்றார்கள், சிலர் தேடியும் கிடைக்கவில்லை என்றார்கள். கட்டித் திசுவில் வைரஸின் அளவு மிகக் குறைவு என்பதால் சோதனை முறையைப் பொறுத்து முடிவு மாறுகிறது. ஸ்வீடனில் 42 நோயாளிகளுக்கு வால்கான்சிக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தையோ போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2013இல் வெளியான முடிவுப்படி, கட்டியின் அளவில் கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை.

சிலர் நடுவழியாக ‘ஆன்கோமாடுலேஷன்’ என்கிறார்கள். ‘ஆங்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் திரள், கட்டி. கட்டியை வைரஸ் தொடங்கி வைக்கவில்லை, ஏற்கெனவே உள்ள கட்டிக்குள் புகுந்து அதன் போக்கை மோசமாக்குகிறது என்பது கருத்து. ‘கட்டிப்போக்கு மாற்றம்’ என்று தமிழில் சொல்லலாம். ‘கட்டித் தூண்டல்’ என்றால் மறுபடியும் அதே வம்பு.

‘மூளைப் புற்றுக்குக் காரணமான வைரஸ்’ என்ற தலைப்பு வேறோர் இடத்தில் ஓரளவு பொருந்தும். எய்ட்ஸ் நோயாளிகளின் மூளையில் தோன்றும் லிம்போமா என்ற நிணநீர் செல் புற்றுக் கட்டியில் எப்ஸ்டைன்-பார் என்ற இன்னொரு வைரஸ் கிட்டத்தட்ட எப்போதும் இருக்கும். நோய் எதிர்ப்பாற்றல் சரிந்த உடம்பில் கட்டி உருவாவதில் அதன் பங்கை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கும் உறுதியான புற்றுக்காரணிகள் பட்டியலிலும் அதன் பெயர் உண்டு. பெருஞ்செல் வைரஸின் பெயர் அதில் இல்லை. செய்தி எழுதுபவர்கள் இப்போதைக்கு ‘கட்டியில் காணப்பட்டதாகச் சொல்லப்படும் வைரஸ்’ என்று எழுதலாம்.