வொக்காபுலரி நோட்டை மூடுங்கள், வாக்கியத்தைப் படியுங்கள்

வங்கித் தேர்வோ, ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வோ, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ-யோ, எதற்குத் தயாராகிறவர்களாக இருந்தாலும், என் வகுப்புக்கு வருகிற பெரும்பாலானவர்களின் பையில் ஒரு வொக்காபுலரி நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ் அர்த்தம். முதல் பத்துப் பக்கங்கள் இரண்டு வண்ண மையில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக இருக்கும், அப்புறம் நீல மை மட்டும், அதற்கும் அப்புறம் வெற்றுத் தாள். நோட்டு பாதியில் நின்றதற்குத் தங்கள் சோம்பல்தான் காரணம் என்று அவர்கள் நம்புகிறார்கள். சோம்பல் இல்லை. அந்த முறையை யார் கையில் எடுத்தாலும் பாதியில்தான் நிற்கும்.

'மிட்டிகேட்' என்ற சொல்லைப் பாருங்கள். தேர்வுப் பட்டியல்களில் அடிக்கடி வருவது. அர்த்தம் 'குறைத்தல், தணித்தல்' என்று போட்டிருக்கும். அதை நம்பி ஒருவர் 'ஹீ மிட்டிகேட்டட் ஹிஸ் வெயிட்' என்று எழுதுகிறார். இலக்கணம் சரி, பட்டியலின்படி அர்த்தமும் சரி, ஆனால் ஆங்கிலத்தில் புழங்குகிற யாரும் உடல் எடைக்கு அந்தச் சொல்லைப் போட மாட்டார்கள். செய்தித்தாளில் நாலு தடவை அதைப் பார்த்திருந்தால், ரிஸ்க், இம்பாக்ட், டேமேஜ் போன்ற சொற்களோடுதான் அது வருகிறது, ஏதோ ஒரு கெடுதலின் கடுமையைத் தணிக்கும்போதுதான் வருகிறது என்று யாரும் சொல்லித்தராமலே பிடிபட்டிருக்கும். இதைப் பட்டியலில் தேடினால் கிடைக்காது.

தேர்வு நடத்துகிறவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் கால் பங்கு மதிப்பெண் சொல்வளத்துக்கு. ரைட்டிங்கில் 7 பேண்ட் என்ற மதிப்பெண்ணை வாங்க, அதிகம் புழங்காத சொற்களை எழுதினால் மட்டும் போதாது, எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்கிற உணர்வும் தெரிய வேண்டும் என்று அவர்களுடைய அளவுகோலிலேயே இருக்கிறது. ஜிஆர்இ-யில் எதிர்ச்சொல் கேள்விகளையும் ஒப்புமைக் கேள்விகளையும் 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்வளத்தைச் சோதிப்பது வாக்கியத்துக்குள் விட்ட கோடிட்ட இடத்தை வைத்துத்தான். பழைய தேர்வுக்காகப் போட்ட பட்டியல்கள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. '30 நாளில் 3,000 சொற்கள்' என்று யாராவது சொன்னால், ஒரு நாளைக்கு 100 புதுச் சொற்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அதற்குக் கொடுக்க இருந்த பணத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, படிப்பது என்றால் எதைப் படிப்பது? எல்லோரும் சொல்கிற அறிவுரை, தினமும் எடிட்டோரியல் படி என்பது. நல்ல அறிவுரைதான், ஆனால் தவறான நேரத்தில் பலருக்குச் சொல்லப்படுகிறது. ஒரு பக்கத்தில் 100 சொற்களுக்கு 98 தெரிந்திருந்தால்தான் அகராதி இல்லாமல் நிம்மதியாகப் படித்துப்போக முடியும் என்பது சொல்வள ஆய்வில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. செய்தித்தாள், நாவல் போன்றவற்றில் அந்த நிலையை எட்ட 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிய வேண்டும் என்று சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டார். அதனால் நான் முதலில் ஒரு சோதனை வைப்பேன்: 300 சொற்கள் கொண்ட ஒரு பத்தியை எடுத்துத் தெரியாத சொற்களைக் கோடிடுங்கள். ஆறுக்குள் இருந்தால் அது உங்களுக்கான வாசிப்பு. இருபது, முப்பது என்று போனால் அது வாசிப்பே இல்லை, அகராதி புரட்டுகிற வேலை, ஒரு வாரத்தில் அலுத்துவிடும். கிரிக்கெட் பிடிக்குமென்றால் மேட்ச் ரிப்போர்ட்டில் ஆரம்பியுங்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். எடிட்டோரியல் எங்கும் ஓடிப்போகாது.

கொஞ்சம் நிலைப்பட்ட பிறகு, ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து படிப்பதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். வங்கித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் பணக் கொள்கைச் செய்திகளைச் சொல்வேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதன் பணக் கொள்கைக் குழு கூடுகிறது, அறிக்கை இலவசமாக இணையத்தில் வருகிறது, மறுநாள் எல்லாப் பத்திரிகையும் அதைப் பற்றி எழுதுகிறது. இன்ஃப்ளேஷன் 'ஈஸ்' ஆகிறது, விலை 'சர்ஜ்' ஆகிறது, டிமாண்ட் 'பிக் அப்' ஆகிறது, வட்டி ரேட்டை 'அன்சேஞ்ச்டு' ஆக வைக்கிறார்கள். அதே கூட்டணியில் அதே சொற்கள் அடுத்த கூட்டத்துக்கும் வரும், அதற்கடுத்த கூட்டத்துக்கும் வரும். மூன்றாவது முறை படிக்கும்போது அவை உங்களுக்குப் பழகிய முகங்களாகியிருக்கும், பொது அறிவுப் பகுதிக்கும் சேர்த்துப் படித்ததாகிவிடும்.

படிக்கும்போது நடுவில் நிறுத்தாதீர்கள். முடித்த பிறகு, திரும்பத் திரும்ப இடறிய ஐந்தாறு சொற்களை மட்டும் எடுத்து, ஆங்கில-ஆங்கில அகராதியில் பாருங்கள். கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட லாங்மேன், ஆக்ஸ்ஃபோர்டு அகராதிகள் இணையத்தில் இலவசம். லாங்மேனில் விளக்கங்கள் எல்லாம் ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டவை, பயப்பட ஒன்றுமில்லை. நோட்டில் எழுதும்போது அர்த்தத்துக்குப் பதில் நீங்கள் படித்த வாக்கியத்தையே எழுதி, அந்தச் சொல்லின் இடத்தைக் கோடாக விடுங்கள்.

மறதி என்பது மூளையின் இயல்பு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்னையே சோதித்து, படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே போய்விடுகிறது என்று காட்டிவிட்டார். மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே அந்தக் கோடிட்ட வாக்கியத்தைத் திரும்பப் பாருங்கள். அன்கி என்ற செயலி இதைத் தானாகவே செய்யும், இல்லையென்றால் கார்டுகளும் ஒரு பழைய செருப்புப் பெட்டியும் போதும்.

இதோடு எழுத்தும் வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இளவயதில் ஒரு வேலை செய்தார். ஸ்பெக்டேட்டர் இதழின் கட்டுரைகளுக்குச் சிறு குறிப்பு எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்து மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதி, ஒப்பிட்டுத் திருத்தினார். வாரம் ஒரு பத்திக்கு இதைச் செய்து பாருங்கள். உங்களுக்கு அர்த்தம் தெரிந்திருந்தும் எழுதும்போது கைக்கு வராத சொற்கள் எவை என்று உடனே தெரியும். முதலில் அவற்றைத்தான் பழக்க வேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய சொற்களைப் போட்டால்தான் தங்களை மதிப்பார்கள் என்கிற பயம் அவர்களில் பலருக்கு இருப்பதைப் பார்க்கிறேன், அந்தப் பயம்தான் பட்டியல்களைப் பக்கம் பக்கமாக வாங்க வைக்கிறது. 'யூஸ்' போதுமான இடத்தில் 'யூட்டிலைஸ்' போட்டால் யாரும் கூடுதல் மதிப்பெண் தருவதில்லை. இடத்துக்குப் பொருந்துகிற சொல்தான் உயர்ந்த சொல், அது மூன்றெழுத்துச் சொல்லாக இருந்தாலும்.

அடுத்த மாதமே தேர்வு என்கிறவர்கள் புதிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். பழைய வினாத்தாள்களில் வந்த க்ளோஸ் டெஸ்ட் பத்திகளை, அதாவது நடுநடுவே சொற்களை எடுத்துவிட்டுக் கோடிட்ட இடம் விட்ட பத்திகளை, எடுங்கள். விடையை நிரப்பிவிட்டு, ஏன் மற்ற சொற்கள் அந்த இடத்தில் உட்காரவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் காரணம் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பத்தி போதும்.