வயிறு இடம் மாறும் முன்பே

கன்று ஈன்று இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. மாடு அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும், பால் குறையும். மருத்துவர் இடப்பக்க விலாவில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, பக்கத்தில் விரலால் சுண்டுவார். வெறும் உலோகக் குடத்தைத் தட்டியது போல 'டிங்' என்று கேட்டால், மாட்டின் நான்கு இரைப்பைகளில் கடைசியான நான்காம் இரைப்பை காற்று நிரம்பி, அடிவயிற்றிலிருந்து இடப்பக்கமாக மேலேறிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

கன்று வெளியே வந்ததும் வயிற்றுக்குள் இடம் காலியாகிறது, உண்மைதான். ஆனால் இடம் இருந்தால் மட்டும் இரைப்பை நகராது. அது சோம்பிக் கிடக்கவும் வேண்டும். அந்தச் சோம்பலின் தடயங்கள்தான் ரத்தத்தில் முன்கூட்டியே தெரிகின்றன.

முதலில் கால்சியம். 10 லிட்டர் சீம்பாலில் ஏறக்குறைய 23 கிராம் கால்சியம் போய்விடுகிறது. மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருப்பதோ சுமார் 3 கிராம்! எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் ஈடுகட்டத் தாமதமானால் இரைப்பைத் தசை சரியாகச் சுருங்காது. காற்று உள்ளேயே தேங்கும்.

அடுத்தது பசிக்கணக்கு. பால் சுரப்பு எகிறுகிறது, மாடு தின்பதோ அதற்கு எட்டவில்லை. உடம்பு தன் கொழுப்பைக் கரைக்கிறது. கரைந்த கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் ஏறுகின்றன. கல்லீரலால் முழுவதும் எரிக்க முடியாத மிச்சம் கீட்டோன்களாகிறது. கீட்டோன் ஏறிய மாடு இன்னும் குறைவாகத் தின்னும். தீவனம் நிறைந்த பெருவயிறுதான் (முதல் இரைப்பை) நான்காம் இரைப்பையை அதன் இடத்தில் வைத்திருக்கிறது. அது சுருங்கினால் தடுக்க ஆளில்லை.

ஆகவே ஈனும் முன் கடைசி வாரத்தில் கொழுப்பு அமிலத்தையும், ஈன்றபின் முதல் வாரத்தில் கீட்டோனையும் பார்க்கிறார்கள். பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன் லிட்டருக்கு 1.2 மில்லிமோலைத் தாண்டினால் எச்சரிக்கை. சர்க்கரை அளக்கும் கருவி போன்ற கைக்கருவிக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். ஆனால் அதை வாலடி நரம்பில் எடுக்க வேண்டும். கைக்கு எட்டுகிறதே என்று வயிற்றடியில் புடைத்திருக்கும் பால் நரம்பில் குத்தினால் அளவு குறைத்துக் காட்டும். மடி கீட்டோனை உறிஞ்சிக்கொள்கிறது.

எண் ஏறிய எல்லா மாட்டுக்கும் வயிறு நகர்ந்துவிடாது; ஆபத்து கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அதே தொழுவத்தில் பல மாடுகளுக்கு ஏறியிருந்தால் மாட்டை விட்டுவிட்டுத் தீவனத் தொட்டியைப் பார்ப்பது நல்லது: சினையின் கடைசி மாதங்களில் அளவுக்கு மீறிக் கொழுக்க விட்டோமா, தொட்டியருகே முட்டிமோதித்தான் தின்ன வேண்டியிருந்ததா என்று.