சொத்தைப் பல்லும் இரும்புத் துகளும்

சில மாதங்களுக்கு முன் ஐந்து வயது மகனுடன் வந்த ஒரு தாய், ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியையும் குழந்தைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மருந்தையும் என் மேசைமேல் வைத்து, "டாக்டர், இரண்டையும் கலந்து கொப்பளித்தால் சொத்தை நின்றுவிடும் என்று காணொளியில் சொல்கிறார்களே, கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேள்விப்பட்டதன் அடியில் உண்மையான ஓர் ஆய்வு இருக்கிறது; ஆனால் அந்த ஆய்வு வேறு, இந்தக் கலவை வேறு.

இரும்பு ஆக்சைடு நானோ துகள்கள், அதாவது கண்ணுக்குப் புலப்படாத மிக நுண்ணிய துகள்கள், வேதிவினை எதிலும் ஈடுபடாதவை என்று நெடுநாள் நம்பப்பட்டு வந்தது. அவை பெராக்சைடை வினைபுரியச் செய்யும் பெராக்சிடேஸ் என்னும் நொதியின் வேலையைத் தாமாகவே செய்கின்றன என்பதை 2007-இல் சீன அறிவியல் கழகத்தின் யான் ஷியுன் குழுவினர் காட்டினர். புரதத்தால் ஆன இயற்கை நொதி வெப்பத்தில் உருக்குலையும். துகள் எளிதில் குலையாது. இத்தகைய பொருள்களையே இன்று நானோ நொதிகள் என்கிறோம்.

பல் மருத்துவராகிய என்னைக் கவர்வது இவற்றின் இடமறிந்து செயல்படும் தன்மை. அமிலச் சூழலில் இத்துகள்கள் பெராக்சைடைச் சிதைத்து, கிருமிகளைக் கொல்லும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் என்னும் வீரியமிக்க துணுக்குகளை உண்டாக்குகின்றன. நடுநிலைச் சூழலிலோ அதே பெராக்சைடு பெரும்பாலும் நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுகிறது. இனிப்பை உண்ட ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் பல்மேல் படியும் கிருமிப் படலமான பற்படலத்துக்குள் அமிலத்தைச் சுரக்க, அங்குக் கார அமில அளவு (pH) ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் எனாமல் கரையத் தொடங்குகிறது. ஆகவே சொத்தை உருவாகும் இடமே இந்த வினையூக்கி விழித்துக்கொள்ளும் இடமாகவும் அமைகிறது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹியூன் கூ குழுவினர் இதற்குத் தேர்ந்தெடுத்தது ஃபெருமாக்சிடால். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு ஊசிவழி செலுத்த 2009-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்து. அதை மிகக் குறைந்த செறிவுள்ள பெராக்சைடுடன் சேர்த்து வாயில் இட்டபோது எலிகளில் சொத்தை குறைந்ததை 2018-இல் வெளியிட்டனர். 2021-இல் வெளியான அடுத்த ஆய்வில், தன்னார்வலர்கள் வாயில் அணிந்த கருவியில் பொருத்திய எனாமல் துண்டுகளில் அதைச் சோதித்தனர். நம்பிக்கை தரும் முடிவுகளே. ஆயினும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நிலையை அவை இன்னும் எட்டவில்லை.

அந்தத் தாய் கொண்டுவந்த இரும்பு மருந்தோ கரைந்த இரும்பு உப்பு. அதில் இந்த நானோ துகள்கள் இல்லை. அது பற்களைக் கறுக்கச் செய்யும். செறிவு மிகுந்த பெராக்சைடு ஈறையும் நாக்கையும் புண்ணாக்கும். ஐந்து வயதுக் குழந்தை கொப்பளிப்பதில் ஒரு பங்கை விழுங்கியும் விடும். இதை அஞ்சியே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்து, மற்றவற்றுக்கு ஃபுளோரைடு பூச்சிட்டேன். உறங்கும் முன் கொடுத்துவந்த சர்க்கரை சேர்த்த பாலை நிறுத்தவும், பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசையால் இரவிலும் தாமே துலக்கிவிடவும் தாயிடம் கேட்டுக்கொண்டேன்.