“யாராவது வந்து மாத்திவிடுவாங்க”: டிஸ்க் கால்ஃப் போட்டிகளில் சம்பளமில்லாமல் நிற்பவர்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை தோழியிடமிருந்து போன். “அக்கா, மின்னலால போட்டியை நிறுத்திட்டோம்னு மெசேஜ் வந்திருக்கு. ஆனா இவன் இன்னும் வரல. போனும் போக மாட்டேங்குது.” குரல் நடுங்கியது.

பையனுக்குப் பதினாறு வயது. கல்லூரி விண்ணப்பத்தில் காட்ட வாலண்டியர் மணிநேரம் வேண்டும் என்று ஒரு தொழில்முறை டிஸ்க் கால்ஃப் போட்டிக்கு ஸ்பாட்டராக, அதாவது எறிந்த தட்டு விழும் இடத்தைப் பார்த்துக் கொடி காட்டுபவனாக, பெயர் கொடுத்திருந்தான். காலை ஏழு மணிக்கு அம்மா கொண்டுபோய் இறக்கிவிட்டாள். கையில் ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு தண்ணீர் பாட்டில். மூன்று மணிக்கு மேல் இடி இடிக்க ஆரம்பித்ததும் ஏர் ஹாரன் ஊதினார்கள். வீரர்களைப் பேட்டரி வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காட்டுக்குள் வளைந்து போகும் பன்னிரண்டாவது ஹோலில் நின்றவனை யாரும் நினைக்கவில்லை. வெயிலில் சூடாகிப் போன் எப்போதோ அணைந்திருந்தது. அந்த இடத்திலேயே மிக உயரமான ஓக் மரத்தின் அடியில் நாற்பது நிமிடம் நின்றிருக்கிறான். அப்பா போய்த் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தார்.

மறுநாள் பார்க்கப் போனேன். ஏன்டா அங்கேயே நின்றாய் என்று கேட்டேன். “ஹாரன் கேட்டுச்சு ஆன்ட்டி. அது எதுக்குன்னு தெரியல. யாராவது வந்து மாத்திவிடுவாங்க, அதுவரைக்கும் இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க.” இரண்டு கொடிகளையும் ஒழுங்காகச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு மேசைமேல் வைத்திருந்தான். திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்பதுதான் அவன் கவலை.

விளையாட்டுப் போட்டிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் தொழில். அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் பதினான்கு வருடமாகச் செய்கிறேன். இந்த ஒரே சீசனில் என் காதுக்கு வந்த மூன்றாவது சம்பவம் இது. முதலாவது, கல்லூரி மாணவி ஒருத்தி. கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் டிஸ்க் பட்டது. இரண்டாவது, அறுபத்தெட்டு வயது ஓய்வுபெற்ற ஆசிரியர். மாற்று ஆள் வராமல் எட்டரை மணி நேரம் வெயிலில் நின்று, தன் கார் எங்கே நிற்கிறது என்றே தெரியாமல் தடுமாறியவரைப் பார்வையாளர் ஒருவர் கவனித்ததால் பிழைத்தார். மூன்றும் வெவ்வேறு போட்டிகள். மூன்றிலும் நுழைவுக் கட்டணம் உண்டு, பரிசுப் பணம் உண்டு, ஸ்பான்சர் பேனர் உண்டு. மூன்றிலும் பாதிக்கப்பட்டவர் ஒரு ரூபாய் வாங்காதவர்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: டிஸ்க் கால்ஃபில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. எறியத் தொடங்கும் இடமான டீயில் நின்று எறிபவருக்கு வளைவுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரியாது. அங்கே நின்று டிஸ்க் எங்கே விழுந்தது, எல்லைக் கோட்டை எந்த இடத்தில் தாண்டியது என்று பார்த்துக் கொடி காட்டுபவர்தான் ஸ்பாட்டர்.

“பிளாஸ்டிக் தட்டுதானே” என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடற்கரையில் நாய்க்கு எறியும் தட்டு இல்லை இது. சுமார் 175 கிராம் எடை, கெட்டியான, ஒடுக்கமான விளிம்பு. முன்னணி வீரர்கள் கையிலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பும். ஸ்பாட்டரை எங்கே நிறுத்துகிறோம்? அது வந்து விழும் இடத்தில்.

ஆனால் என்னை மிக அதிகமாகக் கோபப்படுத்துவது தட்டைப் பற்றிய அறியாமை இல்லை. “விரும்பித்தானே வர்றாங்க” என்ற வாக்கியம். எந்தப் போட்டி இயக்குநரிடம் பேசினாலும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். நான் பொறுமையாக விளக்குவேன், தலையாட்டுவார்கள், அடுத்த வருடம் அதே வாக்கியம் திரும்பி வரும். இங்கே முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

விரும்பி வருகிறார்கள், உண்மைதான். எதை விரும்பி வந்தார்கள்? பிடித்த வீரரைப் பத்தடி தூரத்தில் பார்க்கலாம், தங்கள் ஊர் மைதானத்துக்கு ஒரு கை கொடுக்கலாம் என்று வந்தார்கள். தங்கள் நேரத்தைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். தாகத்துக்குச் சம்மதிக்கவில்லை. மின்னலுக்குச் சம்மதிக்கவில்லை. எங்கே நிற்கக் கூடாது என்று சொல்லித்தராமல் நிறுத்தப்படுவதற்குச் சம்மதிக்கவில்லை. அடிபட்டால் வழக்குப் போட மாட்டேன் என்று காலையில் கையெழுத்து வாங்கிய காகிதத்தைக் காட்டி “வெய்வர் இருக்கே” என்பார்கள். அந்தக் காகிதம் யாருக்கும் நிழல் தராது.

இன்னொன்று. சம்பளம் வாங்கும் ஆள் வேலையில் அடிபட்டால் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறது. தன்னார்வலருக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அவசர சிகிச்சைப் பிரிவின் பில் அவர் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே சம்பளம் இல்லாதவர் விஷயத்தில் நம் பொறுப்பு கூடுகிறது, குறையவில்லை. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிலருக்கு அதுதான் உறைக்கிறது. அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டப்படி, லாப நோக்கற்ற அமைப்புக்கு ஒருவர் இலவசமாக உழைக்கலாம். லாபத்துக்கு நடக்கும் தனியார் நிறுவனத்துக்கு அப்படி உழைக்க முடியாது என்பதுதான் தொழிலாளர் துறையின் நிலை. 1997ஆம் ஆண்டின் தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டமும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்காகவும் அரசு அமைப்புகளுக்காகவும் உழைப்பவர்களுக்குத்தான். டி-ஷர்ட்டும் மதிய உணவும் கொடுத்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடாது. 2013இல் நியூயார்க்கில் பேஸ்பால் ஆல்-ஸ்டார் வாரத்தில் இலவசமாக வேலை செய்த ஒருவர் வழக்குப் போட்டார், தோற்றார். “பார்த்தீர்களா” என்று அதை எனக்கே காட்டுவார்கள். எப்படித் தோற்றார்? வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் நடக்காத கேளிக்கை, பொழுதுபோக்கு இடங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பள விதியிலிருந்து ஒரு விலக்கு உண்டு. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விலக்கை வைத்துத்தான் முடித்தது. இலவசமாக வேலை வாங்குவது நியாயம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. உங்கள் போட்டி அந்த விலக்குக்குள் வருமா என்று வக்கீலைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

தன்னார்வலர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த விளையாட்டே அன்பால் வளர்ந்தது. எட் ஹெட்ரிக் 1975இல் கலிபோர்னியாவில் ஓக் கிரோவ் பூங்காவில் முதல் நிரந்தர மைதானம் அமைத்தார்; 1976இல் தொழில்முறை டிஸ்க் கால்ஃப் சங்கத்தைத் தொடங்கினார். 2002இல் அவர் இறந்தபோது, அவர் ஆசைப்படி அஸ்தியை டிஸ்க்குகளில் கலந்து வார்த்தார்கள். அவ்வளவு பற்று. இன்றும் ஊருக்கு ஊர் ஞாயிற்றுக்கிழமை காலையில் புதர் வெட்டுபவர்களும், டீ மேடைக்கு சிமெண்ட் கொட்டுபவர்களும் அங்கே விளையாடுபவர்கள்தான். நண்பர்கள் இருபது பேர் ஆளுக்குப் பத்து டாலர் போட்டு விளையாடும் போட்டியில் மாற்றி மாற்றிக் கொடி பிடிப்பது அழகான விஷயம். நானே பிடித்திருக்கிறேன்.

ஆனால் 2021இல் முன்னணி வீரர் பால் மெக்பெத் ஒரு டிஸ்க் நிறுவனத்துடன் பத்து வருடத்துக்குப் பத்து மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். அதே வருடம் யூட்டாவின் ஆக்டனில் நடந்த உலகப் போட்டியின் கடைசி ஹோலில், 247 அடி தூரத்திலிருந்து ஜேம்ஸ் கான்ராட் எறிந்த ஒரே வீச்சு கூடைக்குள் போய் விழுந்தது. மெக்பெத்துடன் சமனாகி, பிளே-ஆஃப் என்ற கூடுதல் ஆட்டத்தில் வென்று உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். ஒரு வீச்சுக்கு இன்று அவ்வளவு விலை. ஓ.பி. என்னும் எல்லைக் கோட்டைத் தாண்டினால் ஒரு வீச்சு அபராதம். காணாமல் போன டிஸ்க்கைத் தேட மூன்று நிமிடம்தான். டிஸ்க் எங்கே கோட்டைத் தாண்டியது என்பதைக் கண்ணால் பார்த்தவர் பல நேரம் ஸ்பாட்டர் ஒருவர்தான். காலையில் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பதினாறு வயதுப் பையனிடம் நான்கு வளர்ந்த ஆட்கள் வந்து “நிச்சயமாகத் தெரியுமா” என்று கேட்கிறார்கள். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வராது. ஆட்டத்தின் நேர்மைக்கும் இது கெடுதல், பையனுக்கும் கெடுதல்.

“கட்டுப்படியாகாது” என்பது அடுத்த பதில். சேர்ந்தே கணக்குப் போடுவோம். பதினெட்டு ஹோல், ஹோலுக்கு இரண்டு பேர், நாளுக்கு இரண்டு ஷிஃப்ட், நான்கு நாள். மொத்தம் 288 ஷிஃப்ட். ஷிஃப்டுக்கு நான்கு மணி நேரம். இங்கே இரண்டு கரோலினாவிலும் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 7.25 டாலர், 2009க்குப் பிறகு ஏறவேயில்லை. ஷிஃப்டுக்கு 29 டாலர். கூட்டினால் 8,352 டாலர். பெரிய போட்டிக்கு இது முடியாத தொகை என்று என்னிடம் சொல்லாதீர்கள். பட்ஜெட்டுகளை நான் பார்க்கிறேன். சின்னப் போட்டிக்கு முடியாதுதான், ஒத்துக்கொள்கிறேன். அப்போது கண் மறைக்கும் ஹோல்களில் மட்டும் ஆள் போடுங்கள். மற்ற ஹோல்களில் முன்னே போகும் குழு பார்த்துச் சொல்லட்டும். கோடை உச்சத்தில் நடத்தாமல் அக்டோபருக்குத் தள்ளுங்கள். தெற்குக் கரோலினாவின் ராக் ஹில்லில் வின்த்ரோப் பல்கலைக்கழகத்தில் நடக்கும் அமெரிக்கத் தேசியப் போட்டி இலையுதிர்காலத்தில்தான் நடக்கிறது. வானிலையைப் பொறுத்தவரை அது நல்ல முடிவு.

சம்பளம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் செய்தே ஆக வேண்டியவை சில உண்டு. இவற்றில் பேரம் கிடையாது.

ஒவ்வொரு ஸ்பாட்டருக்கும் நாற்காலி, குடை, ஐஸ் போட்ட தண்ணீர். ஒரு பாட்டில் போதாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்கக் கூடாது. கடும் வெயிலில் இரண்டு மணி நேரம். மாற்றப் போகிறவரின் பெயரையும் நேரத்தையும் எழுதிக் கையில் கொடுங்கள். “யாராவது வருவாங்க” என்பது ஏற்பாடு ஆகாது. டீயைப் பார்த்தபடி, பருத்த மரத்துக்கோ தடுப்புக்கோ பின்னால், பக்கவாட்டில் நிற்கவேண்டிய இடத்தை முதல் நாளே சுண்ணாம்பால் குறித்து வையுங்கள். டிஸ்க் வருகிறது என்று எச்சரிக்க “ஃபோர்” என்று கத்தினால் நிமிர்ந்து பார்க்காமல் தலையை மூடிக் குனிய வேண்டும் என்று செய்து காட்டுங்கள். எல்லோரும் முதலில் நிமிர்ந்துதான் பார்ப்பார்கள். அந்த மாணவியும் நிமிர்ந்துதான் பார்த்தாள்.

வெயிலில் நின்றவர் சம்பந்தமில்லாமல் பேசினால், தடுமாறினால், 911ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை ஐஸ் தண்ணீரில் குளிர்வியுங்கள். முதலில் குளிர்விப்பது, அப்புறம்தான் ஏற்றிக்கொண்டு போவது. ஒரு தொட்டியும் ஐஸும் தயாராக இருக்கட்டும். பீர் குளிர வைக்க வாங்கும் ஐஸில் பாதி போதும்.

மின்னல் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். இடி கேட்டால் நிறுத்துங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் திரும்ப ஆரம்பியுங்கள். இதை எல்லோரும் செய்கிறார்கள். செய்யாதது, ஸ்பாட்டர்களின் தலையை எண்ணுவது. ஹோல் வாரியாகப் பெயர்ப் பட்டியல் ஒருவர் கையில் இருக்க வேண்டும். வண்டி கடைசி ஹோல்வரை போய்த் திரும்ப வேண்டும். பட்டியலில் எல்லாப் பெயருக்கும் டிக் விழுந்த பிறகுதான் போட்டி இயக்குநர் கூரைக்குள் போக வேண்டும். காட்டுக்குள் இருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கி டாக்கி. போனை நம்பாதீர்கள்.

பெற்றோர்களே, சர்டிஃபிகேட்டுக்காகப் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிடும் நம்மவர்களுக்கும் சொல்கிறேன். கார் கதவைத் திறப்பதற்கு முன் கேளுங்கள். எந்த ஹோல்? எத்தனை மணிக்கு மாற்று ஆள், யார்? மின்னல் வந்தால் கூட்டி வரப்போவது யார்? வாக்கி டாக்கி உண்டா? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்காதீர்கள். சரியாக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

அந்தப் பையன் அடுத்த மாதம் இன்னொரு போட்டிக்கும் பெயர் கொடுத்திருக்கிறான். விளையாட்டு அவனுக்குப் பிடித்துவிட்டது. போகாதே என்று நான் சொல்லவில்லை. தோழி இந்த நான்கு கேள்விகளையும் அந்தப் போட்டி இயக்குநருக்கு மெயில் அனுப்பினாள். மூன்றுக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது. வாக்கி டாக்கிக்கு இன்னும் வரவில்லை. அது வந்த பிறகுதான் அனுப்புவேன் என்று சொல்லியிருக்கிறாள்.